கப்பு வரட்டும்

"அப்பா நல்லா இருக்கறாருங்களா?" என்று அவர் என்னிடம் கேட்ட அன்று, நான் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். நீட்டினார். முறுக்குத்தான் தெரிந்தது.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கப்பா. எதுத்த கடை அண்ணன் உங்களக் கேட்டாரு."

அப்பாவின் முகமும் மாறிவிட்டது. மீதி முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

வேறு யார் கேட்டிருந்தாலும் "நல்லா இருக்கறாருங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். கேட்டவர் அண்ணன். பீளமேட்டில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே சாமியானா, நாற்காலி, பாத்திரம், ஃப்ரீசர் பாக்ஸ் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். கடைசியாகச் சொன்னது, செத்தவர்களைச் சொந்தக்காரர் வந்து சேரும்வரை படுக்க வைக்கிற குளிர்பெட்டி. அப்படிப்பட்ட மனிதர் ரோட்டைத் தாண்டி வந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, நிஜமான அக்கறையோடு ஒருவரை விசாரித்தால் அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? அக்கறை நிஜம் என்பதுதான் இதில் பயமே. பெட்டிக்கு ஆள் பிடிக்கிற புத்தி அவருக்குக் கிடையாது. நல்லதாக நடந்துகொண்டிருக்கும் எதுவும் அவரைக் கலவரப்படுத்திவிடும், அவ்வளவுதான்.

ஒல்லியான, நெட்டையான மனிதர். எந்த நாற்காலியையும் முதலில் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். தன் கடை நாற்காலியாக இருந்தாலும் சரி, கல்யாண மண்டபத்து சோபாவாக இருந்தாலும் சரி. என் கடைக்கு வந்தால் கண்ணாடி போட்டுப் பார்க்க வந்தவரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "உக்காருங்க, ஒண்ணும் ஆகாது, இப்பத்திக்கு" என்பார்.

இப்பத்திக்கு! இந்தச் சொல்லை நாக்கில் வைத்துக்கொண்டு ஒரு மனுசன் வாழ்நாள் முழுக்க ஃபுட்பால் டீம் ஒன்றுக்கு ரசிகராக இருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

டீம் என்றால் டிவியில் வருகிற வெளிநாட்டு டீம் கிடையாது. எங்கள் ஊர் மில் டீம். மில்லை எப்போதோ மூடிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்து, நீச்சல் குளம்கூட வந்துவிட்டது. டீம் மட்டும் எப்படியோ மிஞ்சிவிட்டது. பழைய பாசத்தில் நாலு பேர் காசு போட, ஒரு கல்லூரி மைதானத்தைக் கெஞ்சி வாங்கிப் பிராக்டிஸ் செய்து, வருடா வருடம் டவுன் லீக்கில் ஆடி வருடா வருடம் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் டவுசர் போட்ட காலத்திலிருந்து பார்க்கிறார். லீக் கப்பை அந்த டீம் ஒருமுறைகூட வாங்கியதில்லை.

கேலரியில் அவருக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். அவருக்குப் பக்கத்தில் உட்கார ஊரில் தைரியசாலி எவனும் இல்லை. எனக்கும் தைரியம் இல்லைதான். ஆனால் வந்த முதல் நாள் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போனால் மனசு நோகுமே என்று மறுபடி அங்கேயே உட்கார்ந்தேன். இப்படியே பல வருடம் ஓடிவிட்டது.

மில் டீம் கோல் போட்டால் மொத்த கேலரியும் எழுந்து குதிக்கும். அண்ணன் மட்டும் உட்கார்ந்தே இருப்பார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டும். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொள்வார்.

"போச்சுங்க."

"என்னங்ணா போச்சு? நாமதான அடிச்சிருக்கறோம்!"

"அதத்தானுங்க தம்பி சொல்றேன். ஒண்ணு மேல போயிட்டோம். இனி உழுகறதுக்கு எடம் வந்துபோச்சு."

அதன்பிறகு ஆட்டத்தை என்னால் எப்படிப் பார்க்க முடியும்? ஒவ்வொரு நிமிடமும் இடி விழப்போகிறது என்று காத்திருப்பேன். பெரும்பாலும் விழும். விழுந்து நாங்கள் ஒரு கோல் பின்தங்கிவிட்டால், அப்போது பார்க்க வேண்டும் அவரை. காலை நீட்டி உட்கார்வார். கடலைப் பொட்டலத்தை எனக்கும் நீட்டுவார். ரெஃபரியைப் பார்த்து, "ஏனுங், எங்க தம்பி கடைக்கு வாங்க, நல்ல கண்ணாடியா போட்டுத் தாட்டி உடறோம்" என்று கத்துவார். தோற்றுக்கொண்டிருக்கும் டீமின் கேலரியில் அவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒருமுறை இடைவேளைக்கு முன்பே மூன்று கோல் போட்டுவிட்டோம். மூன்றாவது விழுந்ததும் அண்ணன் எழுந்து, வெளியே நின்ற தன் வேனில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்பக்கம் சாயங்காலம் எங்கேயோ இறக்க வேண்டிய பெட்டி இருந்தது. ஆட்டம் முடிந்து நாங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். அவர் வேன் கண்ணாடியை இறக்கி, "மூணுக்கு நாலுங்களா?" என்றார்.

யாரும் அவரிடம் ஸ்கோர் சொல்லியிருக்கவில்லை. மூன்றுக்கு நாலேதான். சத்தத்தை வைத்து எண்ணியிருப்பார் என்று என் மனைவி சொன்னாள். அவள் சயின்ஸ் டீச்சர், அப்படித்தான் சொல்வாள். நான் அன்றிரவு விபூதி வைத்துக்கொண்டு படுத்தேன்.

மைதானத்தில் எவனாவது அடிபட்டு விழுந்தால் நடக்கும் வேடிக்கை தனி. அண்ணன் பதறி எழுந்து நிற்பார். விழுந்தவன் புல்லில் கிடந்தபடியே கேலரியைப் பார்ப்பான். அவர் எழுந்து நிற்பதைப் பார்த்ததும் வலி, சுளுக்கு எல்லாம் போய் எழுந்து ஓடுவான். எதிர் டீம்காரர்களும் அப்படித்தான். மில் டீமுக்குத் தனியாக டாக்டர் வைக்காத காரணம் இதுதான் என்று நான் சொல்லித் திரிந்தேன்.

டீம் லீக்கின் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட வருடம் நாங்கள் எல்லாம் துக்க வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தோம். அண்ணன் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். "இனிமே பயமில்லாமத் தூங்கலாமுங்க" என்றார். அடுத்த வருடம் மேலே ஏறி வந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

என் பையனுக்கு நல்ல காலேஜில் சீட் கிடைத்தபோதும் அப்படித்தான். இனிப்போடு போய்ச் சொன்னேன். வாங்கிக்கொண்டார், தின்னவில்லை. "பையன் வண்டி ஓட்டறானுங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் வீட்டுக்குப் போய் வண்டிச் சாவியைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டேன். ஒரு செமஸ்டர் முழுக்க பையன் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனான். இன்றும் அதைச் சொல்லி என்னைத் திட்டுகிறான்.

இப்படி ஊருக்கே அபாய மணி அடித்துக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு வலி வந்தது. கடையில் நாற்காலி அடுக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் "ஒண்ணும் ஆகாதுங்ணா, ஒண்ணும் ஆகாதுங்ணா" என்று அழுதுகொண்டே போனேன். கடைசியில் அவர்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, "யாருங்க பேஷண்ட்டு?" என்று கேட்டார்.

ரத்தக் குழாயில் அடைப்பு, ஒன்றல்ல. நெஞ்சைத் திறந்து பைபாஸ் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்பேன். குள்ளமான, குரல் உயர்த்தாத அம்மாள். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். நாலு நாள் கழித்து வீட்டில் வைத்து அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். நான் பார்க்கப் போயிருந்தேன்.

"எப்பப் போறதுங்க?"

"போலாம், போலாம்."

"இந்தப் போலாமெல்லாம் வேண்டாமுங்க. ஒரு நாளச் சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

"மில் டீம் லீக் கப்பு வாங்கட்டும். அடுத்த நாளே போய்ப் படுத்துக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வந்து, கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டிவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு ஃபுட்பால் பற்றி ஒன்றும் தெரியாது. அறுவடை முடியட்டும், ஆடி போகட்டும் என்பது மாதிரி இதுவும் ஒரு தவணை என்று நினைத்துவிட்டார்.

"சத்தியமாங்க?"

"சத்தியம்."

அக்கா உள்ளே போய்க் கற்பூரத் தட்டோடு வந்தார். அண்ணன் எரிகிற கற்பூரத்தின் மேல் கை வைத்து அணைத்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. வாசல்வரை என்னை வழியனுப்ப வந்த அக்கா, "ஏனுங் தம்பி, இந்தக் கப்பு எந்த மாசம் வருமுங்க?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். அது வராதுங்க்கா, இதுவரைக்கும் வந்ததில்லை என்றேன். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நாமதான் வாங்கோணுமுங்க" என்றார்.

அடுத்த வாரம் பிராக்டிஸ் நடக்கும் மைதானத்துக்கு அண்ணன் கடை வேன் வந்தது. அண்ணன் கடை அண்டாவில் கொள்ளுப் பருப்பு, அண்ணன் கடைக் குண்டாவில் அவித்த முட்டை, அண்ணன் கடைத் தட்டில் ராகிக் களி. இறக்கி வைத்துப் பரிமாறியது அக்கா. அதுவரை டீயும் பன்னும் தின்று ஓடிக்கொண்டிருந்த பையன்கள் வாயைப் பிளந்தார்கள். வாரம் தவறாமல் வந்தது. கேப்டனைக் கூப்பிட்டு, "கண்ணு, யாரு யாரு வெசயா ஓட மாட்டேங்கறாங்க, சொல்லு, அவனுக்கு ரெண்டு முட்டை எச்சா போடறேன்" என்பார். மாகாளியம்மனுக்கு மில் டீம் பெயரில் அர்ச்சனை நடந்தது. நட்சத்திரம் கேட்ட பூசாரிக்கு, "பதினோரு பேரு சாமி, எதையாச்சும் சொல்லுங்க" என்று பதில் சொன்னாராம்.

டீம் ஜெயிக்க ஆரம்பித்தது.

சோற்றுக்காகவா, அம்மனுக்காகவா, தெரியாது. பையன்கள் கடைசி நிமிடம்வரை மூச்சு வாங்காமல் ஓடினார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அக்கா எனக்கு போன் செய்வார். "என்னாச்சுங்க?" செயிச்சுட்டோமுங்க்கா என்பேன். "இன்னும் எத்தன இருக்குதுங்க?" என்பார். பக்கத்தில் அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த வருடம் அவர் ஒரே ஒரு கடலைகூடத் தின்று நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் மைதானத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"தம்பி, பொட்டியக் கொண்டுபோய் எத்தனையோ ஊட்டுல எறக்கி வெச்சிருக்கறேன். எறக்கி வெக்கறப்ப அங்க இருக்கறவங்க பேசிக்குவாங்க பாருங்க, அது காதுல உழுகும். 'காத்தால நடந்துதானே போனாரு', 'சிரிச்சுட்டேதானே படுத்தாரு', 'டாக்டரு ஒண்ணும் பயமில்லைன்னாரே'. இந்த மூணுதானுங்க. எல்லா ஊட்டுலயும் இந்த மூணுதான்."

எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பது என் தொழில். கண்ணாடி விற்பது உபதொழில். அன்று அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிவந்ததோடு சரி.

அந்த சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கப்பு, இல்லையென்றால் இல்லை. கோல் இல்லாமலே ஆட்டம் முடியப்போன நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. எங்கள் கேலரி அந்த கோல் போஸ்ட்டுக்கு நேர் பக்கத்தில்தான். பந்தை வைத்தவன் காலேஜ் படிக்கிற பையன், அக்காவிடம் எச்சா முட்டை வாங்கித் தின்றவன். அண்ணன் என் முழங்காலைப் பிடித்தார். நான் அவர் நெஞ்சைப் பார்ப்பதா, பந்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தேன். பையன் உதைத்தான். கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் விழுந்தார். பந்து கம்பத்துக்கு வெளியே, அதை உரசாத குறையாகப் போய் வலையின் பக்கவாட்டில் வெளிப்புறமாக மோதியது. பாதிப் பேர் கோல் என்று நினைத்துக் கத்தியே விட்டார்கள்.

கேலரி முழுக்கத் தலையில் கை. அண்ணன் என் முழங்காலை விட்டார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"வாங்க, டீ குடிக்கலாமுங்க."

அன்று எதிர் டீம்காரர்களுக்கும் சேர்த்து அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். பெனால்டியை விட்ட பையன் ஒரு மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தான். அண்ணன் அவனிடம் போய் வடையைக் கையில் திணித்து, "உட்றா கண்ணு, நல்லாத்தான் ஒதச்ச" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். எனக்கும் தெம்பாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? ஆபரேஷன் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை, இன்னொரு டீ. அக்காவுக்கு போன் போட்டு, "பெனால்டி வெளிய போயிருச்சுங்க்கா" என்றேன். அதற்கு மேல் கேட்காமல் அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த வருடம் அண்ணன் கேலரியில் வழக்கமாக உட்காரும் உச்சிப் படியில் உட்காரவில்லை. பாதியில் உட்கார்ந்தார். பிறகு கீழ்ப்படிக்கு வந்துவிட்டார். இங்கிருந்து பார்த்தால் ஆட்டம் நன்றாகத் தெரிகிறது என்றார். ஒன்றும் தெரியாது, லைன்ஸ்மேனின் முதுகுதான் தெரியும். கடையில் நாற்காலி தூக்குவதை நிறுத்தினார். ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தால் பேச்சு தொடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்கா கெஞ்சிப் பார்த்தார். சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், கப்பு வேண்டாம், கிளம்புங்கள் என்றார். ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து அழுதாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"கற்பூரத்த அணைச்சுக் குடுத்தது. மாத்தப்படாது. கப்பு வரட்டும்."

நான் என்ன செய்தேன்? பயந்தேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. மயங்கி விழுந்தவர் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று செல்போனில் வீடியோ பார்த்து, வீட்டில் தலையணையை வைத்துப் பழகினேன். இரண்டு தலையணைகள் பஞ்சு பிதுங்கிச் செத்தன. நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அண்டாவும் குண்டாவும் முன்னைவிடப் பெரிதாக வந்தன. மில் டீம் முன்னைவிட நன்றாக ஆடியது. சீசனின் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது நிலைமை இதுதான்: சமன் செய்தாலே கப்பு.

இடைவேளைக்குப் பிறகு எதிர் டீம் ஒரு கோல் போட்டது. நான் அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தேன். பின்தங்கிவிட்டோம். பழைய அண்ணனாக இருந்தால் காலை நீட்டிக் கடலையை உடைத்திருப்பார். இப்படியே முடிந்தால் இன்னொரு வருடம் யாரும் அவரைக் கேட்க முடியாது. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். மில் டீம் தோற்க வேண்டும் என்று அந்த கேலரியில் மனதார வேண்டிக்கொள்ள ஒருவருக்குக் காரணம் இருந்ததென்றால் அது அவருக்குத்தான்.

அண்ணன் எழுந்து நின்றார்.

எவனும் அடிபட்டு விழவில்லை. பந்து எங்கள் பையன்களிடம் நடு மைதானத்தில் இருந்தது. அண்ணன் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, அந்த மூச்சு எங்கிருந்துதான் வந்ததோ, கத்தினார்.

"எடது பக்கம் ஆளில்லடா! எடது பக்கம்! போடு கண்ணு, போடு!"

"அண்ணா, உக்காருங்ணா!"

"சும்மா இருங்க தம்பி! அங்க பாருங்க, மடையத் தொறந்து உட்டாப்பல கெடக்குது! டேய், எடது பக்கம்!"

அவர் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ, பந்து இடது பக்கம் போனது. அங்கிருந்தவன் ஓடி, கோட்டுக்குப் பக்கத்திலிருந்து தூக்கிப் போட்டான். போன வருடம் பெனால்டியை விட்ட அதே பையன் கூட்டத்துக்கு நடுவில் எழும்பித் தலையால் முட்டினான். வலை குலுங்கியது.

அண்ணன் குதித்தார். அவர் குதித்து நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. துண்டைச் சுழற்றினார், முன்னால் நின்ற ஆளின் முதுகில் தட்டினார், "ஆயிருச்சு! ஆயிருச்சு!" என்று அழுதார். நான் மாத்திரை, மாத்திரை என்று பையில் கைவிட்டு எடுத்து, பதட்டத்தில் என் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றிப் படியில் சாய்ந்தேன். கண்ணைத் திறந்தால் ரெஃபரி கடைசி விசில் ஊதிக்கொண்டிருக்கிறார், அண்ணன் என் முகத்துக்குத் துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங் தம்பி, ஒடம்புக்கு என்னுங்க?"

கேப்டன் கப்பைத் தூக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்து, "அக்காவுக்குங்க" என்று அண்ணன் கையில் கொடுத்தான். அவர் வாங்கினார். ஆட்டிப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு தடவினார். 'போச்சு' என்ற சொல் எந்த நேரம் வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை.

அவர் போன் அடித்தது. அக்கா. அண்ணன் என்னிடம் நீட்டி, "நீங்களே சொல்லீருங்க. எனக்கு நல்ல சேதி சொல்லிப் பழக்கமில்லை" என்றார். எனக்கு மட்டும் இருக்கிறதா? தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் பேசறேனுங்க. பதட்டப்படாதீங்க. பக்கத்துல யாராச்சும் இருக்கறாங்களா?"

எங்கள் ஊரில் இப்படி ஆரம்பிக்கிற சேதி ஒரே ஒரு சேதிதான். அடுத்த கணம் போனில் கேட்ட அலறல் கேலரிக்கே கேட்டது. அண்ணன் போனைப் பிடுங்கினார்.

"அம்மணி, நாந்தேன்! நாந்தேன் பேசறேன்! உசுரோடதான் இருக்கறேன். இந்தக் கிறுக்குப் பய என்னமோ ஒளறிப்போட்டான். கப்பு வந்துருச்சு, கப்பு."

அந்தப் பக்கம் அக்கா பேசியது எனக்கும் கேட்டது.

"சரி வாங்க. பை எடுத்து வெச்சிருக்கறேன்."

மறுநாள் காலையில் வாக்குப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஏதேதோ டெஸ்ட் எடுத்தார்கள். டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எங்களிடம், கொஞ்சம் கஷ்டமான கேஸ்தான், ஆனால் செய்யாமல் விடவும் முடியாது என்றார்கள். ஆபரேஷன் அன்று உள்ளே கொண்டு போகுமுன் என்னைக் கூப்பிட்டார். தலையில் பச்சைத் தொப்பி மாட்டியிருந்தார்கள்.

"கடையச் சாத்திப்போட்டு வந்துட்டீங்களா? யாவாரம் கெட்டுப்போகும், போங்க."

"இருக்கறேனுங்ணா."

"அந்தப் பையன் முட்டுனது பாத்தீங்கல்ல? நல்லா எந்திரிச்சானுங்க."

"நல்லா எந்திரிச்சானுங்ணா."

"நெம்ப நல்லா எந்திரிச்சான்" என்று சொல்லிக்கொண்டே போனார். சிரித்துக்கொண்டுதான் போனார்.

அக்கா, மகள், நான், மூன்று பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் தாண்டி ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயசு. நேராக அக்காவின் முன்னால் வந்து நின்றார். எங்கள் ஊரில் கெட்ட சேதியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். அவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"காப்பாத்த முடியலைங்கம்மா. போன வருசமே செஞ்சிருந்தா தாங்கியிருப்பாரு. இந்த ஒரு வருசத்துல இதயம் ரொம்ப பலவீனமாயிருச்சு."

மகள் சுவரில் சரிந்து கதறினாள். நர்ஸ் ஓடி வந்து பிடித்தார். அக்கா அசையவில்லை. டாக்டர் போன பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் தம்பி. போன வருசம் கடைசியா அந்தப் பையன் ஒதச்சது வெளிய போச்சுங்களே."

"ஆமாங்க்கா."

"எவ்வளவு தள்ளிப் போச்சுங்க?"

நான் கையை உயர்த்தினேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் காட்டினேன். அவ்வளவுகூட இருக்காது என்று தோன்றியது. விரல்களைக் கொஞ்சம் நெருக்கினேன்.

அக்கா குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கையை எப்போது கீழே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.